முதுகில் விழாத கோடு

தவக்காலம் பிறந்தால் நாற்பது நாளைக்குக் கல்யாணம் கிடையாது. அதற்குள் ஜோடி சேராதவர்களுக்கு தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்கு வரும்போது, பெண்கள் கையால் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு விழும். கில்டோரன் கிராமத்தில் அது வழக்கம்.

கோல்மன் டூஹி முப்பது வருஷமாகக் கோடு வாங்கியவன். ஒவ்வொரு முறையும் கத்துவான், திட்டுவான். வீட்டுக்குப் போய்ப் பிரஷ்ஷால் தேய்ப்பான்.

இந்த வருஷம் தரகர் சொல்லி ஒரு பெண்ணின் அண்ணன் நிலம் பார்க்க வந்தான். கீழ் வயலில் கால் வைத்ததும் கணுக்கால் வரை சேறு. கொடுத்த டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. அவ்வளவுதான், கல்யாணத்துக்குக் கடைசி நாளான செவ்வாயும் போனது.

ஞாயிறு, கோவில் வாசலில் பெண்கள் கூட்டம்.

"அய்யோ, யாருடி அது?" என்று முதுகில் கோடு விழுந்த இளவட்டம் மிக் லேசி துள்ளினான்.

"ஒரு வருஷம் டைம் குடுத்தோம்ல? பொண்ணு வேணும்னா மொதல்ல காதைக் கழுவுடா!" என்றாள் கோடு போட்டவள்.

சிரிப்பு அடங்குமுன் கோல்மன் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, அவர்களைக் கடந்தான். முதுகு கூசியது. மிக்குக்குக் கோடு போட்ட பெண் கோல்மனைப் பார்த்ததும் சாக்பீஸைப் பையில் போட்டாள்.

"வாங்க மாமா. படி வழுக்கும், பாத்து."

கதவைக்கூடத் திறந்து பிடித்தாள்.

பூசையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அவனுக்கு ஐம்பத்து மூன்று. இனி இவனுக்கு எதற்கு என்று எப்போது முடிவு செய்தார்கள்? யாரும் சொல்லவே இல்லையே.

முடிந்ததும் கோவிலின் பின்பக்கம் போனான். போன வாரம் வெள்ளையடித்த சுவர். யாருமில்லை. முதுகைச் சுவரில் வைத்து ஒருமுறை தேய்த்தான். பிறகு நாலு பேர் நிற்கும் முச்சந்திக்கு வந்து, முதுகு தெரிய நின்றான்.

பக்கத்து வீட்டு ஹானர் வந்தாள். பேரப்பிள்ளை எடுத்தவள். ஒரு காலத்தில் அவன் முதுகில் கோடு போட்டவள்தான்.

"என்ன கோல்மன், செவுத்துல சாஞ்சியா? நல்ல சட்டையாச்சே. திரும்பு."

தட்டிவிட்டாள். தோளிலிருந்து இடுப்பு வரை, பொறுமையாக. அவன் அசையாமல் நின்றான். அவன் மேல் ஒரு கை பட்டு எத்தனையோ காலம்.

"இன்னும் இருக்கா?"

"இல்லப்பா. சுத்தமாப் போயிடுச்சு."