மூன்றாம் கூண்டுக்குப் போன வேப்பங்கொழுந்து

ஸ்ரீராம்புரத்தில் எந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் தனக்கோடியிடம்தான் தூக்கி வருவார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்து, வெல்லம் சேர்த்து ஓர் உருண்டை. சில நாளில் பூச்சி போய்விடும். டாக்டர்களை அவர் நம்பியதே இல்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வேலை வாய்த்ததோ, எலிக்கு வேண்டுமென்றே பூச்சி ஏற்றுகிற ஆராய்ச்சிக்கூடத்தில்.

மொத்தம் ஆறு கூண்டு எலிகள். டாக்டர் மௌரீன் ஊசியால் புழுக்குஞ்சுகளை ஏற்றிவிட்டு, வாரம் இரண்டு தடவை வாலில் ரத்தம் எடுத்தார்.

“புழுவை எதிர்க்கிற பொருள் ரத்தத்துல எப்ப ஊறுதுன்னு பாக்கணும், தனக்கோடி. தீனி, தண்ணி தவிர எதுவும் குடுக்காதீங்க. குடுத்தா வேலை போயிடும்.”

பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம் இருந்தது.

பதினோராம் நாள் மூன்றாம் கூண்டு எலிகள் மயிர் சிலிர்த்துச் சுருண்டு கிடந்தன. அவருக்கு மனசு கேட்கவில்லை. மிளகளவு உருண்டைகள் உள்ளே போயின.

பதினாலாம் நாள் மௌரீன் எலிப்புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். தனக்கோடியின் கெட்ட நேரம், முதலில் எடுத்ததே மூன்றாம் கூண்டு.

“ஒரு புழுமுட்டைகூட இல்லையே,” என்று சந்தோஷமாக நோட்டை எடுத்தார்.

சும்மா இருந்தால் பொய் அச்சேறும். சொன்னால் பென்ஷன் போகும். இரண்டுமே பேஜார்.

“அத எழுதாதீங்க, டாக்டரம்மா. நான் வேப்பங்கொழுந்து குடுத்துட்டேன். ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் என் மருந்து.”

தப்பை ஒத்துக்கொள்ளும்போதும் கர்வம் குறையவில்லை.

மௌரீன் மற்ற ஐந்து கூண்டுகளையும் பார்த்து முடித்தார்.

“இதுங்களுக்கும் குடுத்தீங்களா?”

“சத்தியமா இல்லீங்க.”

“இதுலயும் முட்டை இல்ல. வந்து பாருங்க.”

தனக்கோடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கண்ணாடி கெட்டுப்போச்சோ?”

“போன வாரம் இதே கண்ணாடிலதான் நூறு நூறா எண்ணினேன். புழுவை எலியோட ரத்தமே விரட்டிடுச்சு.”

“எலிக்கு அவ்ளோ சாமர்த்தியமா,” என்று முனகியவர், மெல்ல, “என் வேலைம்மா?” என்றார்.

“மூணாம் கூண்டைக் கணக்குலேர்ந்து தள்ளிட்டேன். இந்தத் தடவை அதோட போகட்டும். ஆனா அடுத்த தடவை, முட்டை நிறைய இருக்கறப்பவே ஒரு கூண்டுக்கு உங்க உருண்டையைக் குடுப்போம். நிஜமா கேக்குதான்னு எண்ணிப் பாத்துடலாம்.”

வேலை போகும் என்றபோது இல்லாத அவசரம் இப்போது வந்தது. தனக்கோடி தீனி வாளியைத் தூக்கிக்கொண்டார்.

“அதெல்லாம் வேணாம்மா. ஸ்ரீராம்புரத்துல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. எலி சாட்சி சொல்லி அது போக வேணாம்.”