வெள்ளைத் தொப்பி வழிகாட்டி

"ரெண்டு ஆறு கூடுற இடத்துல, ஒரே பாறைமேல நிக்குது எங்க ஊரு. எந்தப் பூகம்பத்துக்கும் பனௌத்தி அசையாது." காத்மாண்டுக்குப் பக்கத்து ஊரில் சுற்றுலா வழிகாட்டியாக இருபத்திரண்டு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிற வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குக் கொட்டாவிதான் வரும்.

போன வருஷம் சித்திரையில் அம்மா போன பிறகு அந்த அலுப்பு பத்து மடங்கானது. எங்களில் தாய் இறந்தால் மகனுக்கு ஒரு வருஷம் தலைத் தொப்பிமுதல் கால் ஷூவரை வெள்ளை. தோல் செருப்பு கிடையாது, பால் கிடையாது, பண்டிகை கிடையாது, கோயில் படி மிதிக்கக் கூடாது. தம்பி கத்தாரில் வேலை போய்விடும் என்று பதின்மூன்றாம் நாளே எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். முழு வருஷமும் என் தலையில் விழுந்தது. கோயிலைக் காட்டிப் பிழைக்கிறவன் கோயிலுக்குள் போகக் கூடாதென்றால் என்ன செய்வான், சொல்லுங்கள்.

வாசலிலேயே நின்றேன். "உள்ள போய் வலப்பக்கம் திரும்புங்க. கூரையைத் தாங்குற மூணாவது மரச்சட்டத்துல செதுக்கின அம்மா ஒருத்தங்க நிப்பாங்க. அவங்க கையில என்ன இருக்குன்னு பார்த்து வந்து சொல்லுங்க" என்று கூட்டத்தை அனுப்புவேன். அறுபது வயது ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடிவந்து சொல்வார்கள். அது அவர்களுக்குப் பிடித்துப்போகும் என்று நான் கண்டேனா? யாரோ ஒரு புண்ணியவதி, வெள்ளை உடையில் ஒரு துறவி உள்ளே வராமலே கோயிலைக் காட்டினார் என்று இணையத்தில் எழுதிவிட்டாள். துறவியாம்! இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு மூட்டுவலியும் உள்ள துறவி.

ஒருவழியாக வருஷம் முடிந்தது. ஆற்றங்கரையில் திதி கொடுத்து, வெள்ளையைக் களைந்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டேன். உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் காலை பஸ் நிலையத்தில், சுற்றுலாக் கம்பெனி முதலாளி உத்தவ் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தார்.

"என்ன ஹீராகாஜி, மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறே? கழட்டு, கழட்டு. இதைப் போட்டுக்கோ."

பையில் புது வெள்ளை. சட்டை, பேண்ட், தொப்பி, கேன்வாஸ் ஷூ.

"அண்ணே, எனக்கு வருஷம் முடிஞ்சிடுச்சு."

"உனக்கு முடிஞ்சுது. பஸ்ஸுல பன்னெண்டு பேர் வர்றாங்களே, அவங்களுக்கு முடியலையே. வெள்ளைத் தொப்பிக்காரர்தான் வேணும்னு கேட்டு வர்றாங்கப்பா."

"எங்கப்பா இருக்காருண்ணே. அவர் உசிரோட இருக்கும்போது நான் எப்படி மறுபடி துக்க வெள்ளையை..."

"தெரியாதா எனக்கு? நானும் எங்கம்மாவுக்குப் போட்டவன்தான். யூனிஃபார்ம்னு நினைச்சுக்கோ. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, காத்மாண்டுல இருந்து நாளைக்கே ஆள் வருவான்."

தெரிந்தே கேட்கிற மனுஷனிடம் என்ன பேச? நாற்பத்தெட்டு வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? டீக்கடையின் பின்னறையில் போய் மாற்றிக்கொண்டேன். கோழை என்றால் கோழைதான், சொல்லிவிட்டுப் போங்கள்.

அதன் பிறகு தினமும் நீலச் சட்டையில் வீட்டைவிட்டுக் கிளம்புவது, டீக்கடையில் வெள்ளைக்கு மாறுவது, சாயங்காலம் மறுபடி நீலத்தில் வீடு திரும்புவது. அப்பா கண்ணில் மட்டும் படக் கூடாது. கோயில் வாசலில் பழைய பல்லவியைப் பாடிக்கொண்டு நிற்பேன். ஊர்க்காரர்கள் கேட்டால் யூனிஃபார்ம் என்பேன். 'ச்சு' கொட்டிவிட்டுப் போவார்கள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் அப்பாவின் சிநேகிதர் கிருஷ்ணலால் மாமா உட்கார்ந்திருந்தார். ஆற்றின் மேல்புறம் கோபாசி கிராமத்தில் இருக்கிறவர். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பக்கத்தில் அவல் மூட்டை, நெய், ஒரு சீப்பு வாழைப்பழம். சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான். என் கண் அப்பாவைத் தேடியது.

"வாடா, வா," என்றார் அப்பா. எழுபத்தாறு வயதில் அப்படி ஒரு சிரிப்பு. "இவன் எனக்குத் துக்கம் விசாரிக்க வந்திருக்கான்! கதவைத் திறந்தது நான்."

"சிரிக்காதய்யா," என்று மாமா மூக்கைச் சிந்தினார். "நேத்து பஸ்ஸுல இருந்து பார்க்கிறேன், இவன் புது வெள்ளையில நிக்கிறான். இவன் அம்மாவோட வருஷத் திதிச் சாப்பாட்டை நானே வந்து சாப்பிட்டுப் போனவன். அப்ப வேற யாரு? ராத்திரி பூரா தூங்கலை. சீட்டாட்டத்துல உன்னை ஏமாத்தினதையெல்லாம் நினைச்சு நினைச்சு அழுதேன்."

"ஏமாத்தினியா?"

"அதை விடு இப்ப." மாமா என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, யாருக்குடா அந்த வெள்ளை?"

சொன்னேன், எல்லாவற்றையும். மாமா எழுந்தார். சாவுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாதென்று அங்கேயே வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவர் தலை மறைந்ததும் அப்பாவின் சிரிப்பும் நின்றது.

"வெறும் உடுப்புதான்பா," என்றேன். "பொழைப்புக்கு."

"புரியுதுடா. பொழைப்பு பொழைப்புதானே. உன்னைக் குத்தம் சொல்லலை." ஒரு பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உரிக்காமல் வைத்தார். "தினமும் வெள்ளையிலேயே நிப்பே. ஊருக்கும் பழகிடும். அப்புறம் நான் நிஜமாவே போனா, நான் போயிட்டேன்னு ஊருக்கு எப்படிடா தெரியும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை. அங்கேயே நின்றபடி உத்தவ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வேற ஆளை வரச் சொல்லுங்கண்ணே."

அவர் கத்தி ஓய்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.