அடக்கி வைத்த இருமல்

கடலூர் கண் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் தமிழ்ச்செல்வி எல்லாரையும் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். “சளி, இருமல், காய்ச்சல் யாருக்கானா இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. வெளியில தனி பெஞ்சு இருக்கு, ஒண்ணும் திட்ட மாட்டோம்.”

“இல்லம்மா,” என்றாள் வியாகுலமேரி, புருஷனை முந்திக்கொண்டு.

மரியலூர்து வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது. மாஸ்க்குக்குள்ளே ஒரு கன்னத்தில் மிளகும் பனங்கற்கண்டும் அடங்கியிருந்தன. நெல்லிக்குப்பத்தில் பஸ் ஏறும்போதே மேரி போட்டுவிட்டது. “கடிக்காதீங்க, கரைய வுடுங்க. டாக்டர் பாக்குற வரைக்கும் தாங்கணும்.”

ஞாயிறு பூசையிலிருந்தே இருமல்தான். ஆனால் இன்றைக்குப் பார்த்துச் சரி என்றால்தான் நாளைக்குப் புரை ஆபரேஷன். சர்க்கரை ஆலையில் அரவை ஆரம்பிக்கப் போகிறது. கரும்பு டிராக்டர் ஓட்டுகிற மனுஷனுக்கு வலது கண் பால் ஊற்றினாற்போல இருந்தால் வண்டியை யார் நம்பிக் கொடுப்பார்கள்? ஓனர் இளவரசு பச்சையாகவே சொல்லிவிட்டார்: “அரவைக்குள்ள கண்ண சரி பண்ணிக்கினு வா லூர்து. இல்லாட்டி வேற ஆளப் போட்டுக்குவேன்.”

பொய் சொன்னது மேரியை உறுத்தத்தான் செய்தது. அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். போன தடவை பார்த்திருக்கிறாள்: கண் பார்க்கும் மெஷினில், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில், கழுவின எக்ஸ்ரே பிலிமைக் கத்தரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், மூச்சு மேலே படாமல் இருக்க. யாருடைய விலா எலும்போ அதில் லேசாகத் தெரிந்தது. அப்புறம் டாக்டருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

ஹாலில் லூர்துவின் தோள் அடிக்கடி குலுங்கியது. இருமல் நெஞ்சுவரை வந்து திரும்பிப் போவது மேரிக்குத்தான் தெரியும். நம்பர் கூப்பிடுகிற கதவையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் துண்டு சுற்றின ஒரு கைக்குழந்தை. குழந்தை என்று சொல்வதற்கே சின்னதாக இருந்தது.

“இங்கதான்க்கா காத்து வருது,” என்றாள். “சிதம்பரத்துலருந்து வரோம். ஏழு மாசத்துலயே பொறந்துட்டா. கண்ணுக்குள்ள நரம்பு சரியா வளருதான்னு பாக்கணுமாம். இந்த டாக்டர் செவ்வாக்கிழம மட்டுந்தான் வருவாராம். வுட்டா பார்வையே போயிடும்னு பயமுறுத்தறாங்க.”

“பேரு என்னம்மா?”

“நான் சிவசக்தி. இவளுக்கு இன்னும் வெக்கல. நெஞ்சு வீக்கா இருக்குன்னு யாரையும் கிட்ட வுடறதில்ல. அதுக்கே எங்க மாமியாரு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காங்க.”

மேரி நிமிர்ந்து பார்த்தாள். ஃபேன் லூர்துவின் முதுகுப் பக்கத்திலிருந்து அடித்தது. காற்று அவர் முகத்தைத் தாண்டி நேராக அந்தத் துண்டின் மேல் போய் விழுந்தது. குழந்தைக்கு முன்னால் எக்ஸ்ரே பிலிமா தொங்குகிறது?

“நீ அந்தாண்ட போய் ஒக்காரும்மா,” என்றாள்.

சிவசக்தியின் முகம் மாறியது. “ஏன், உங்க பக்கத்துல நாங்க ஒக்காரக் கூடாதா?”

“அதில்லம்மா.”

“அப்புறம் என்ன? வேற சீட்டு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க.”

மேரி புருஷன் காதோரம் குனிந்தாள். “ஏங்க, வெளிய போவலாம்.” அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இன்னும் ஒரே நம்பர். கண்ணில் நீர் முட்டியிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. ஒரு கையால் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மேரி எழுந்து அவர் முகத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்றாள். “நர்ஸம்மா, இவருக்கு இருமல் இருக்கு. ஞாயித்துக்கிழமைலருந்து இருக்கு.”

ஹாலே திரும்பியது. சிவசக்தி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு சுவரோரம் ஓடினாள்.

“வாசல்ல கேட்டப்ப நாக்க வூட்டுல வெச்சிட்டு வந்திங்களா?” என்றாள் தமிழ்ச்செல்வி.

வெளி பெஞ்சில் லூர்து குடல் வெளியே வருகிற மாதிரி இருமி முடித்தார். “சொல்றவ அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல. வாயெல்லாம் மொளவு எரியுது.” பிறகு அவள் பக்கம் பார்க்காமல், “வண்டி போச்சு,” என்றார்.

மற்ற எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு, ஜன்னல்களைத் திறந்து வைத்துத்தான் டாக்டரம்மா அவரைப் பார்த்தார். “ஆபரேஷன் நடக்கறப்ப ஒரு இருமல் வந்தா போதும், கண்ணே போயிடும் தெரியுமா? நெஞ்சு டாக்டர்கிட்ட காமிச்சி சரி பண்ணிக்கினு வாங்க. அப்புறம் தேதி தரேன்.”

மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. இருமலை மறைத்து, அந்தக் கண்ணையும் தானே பறித்திருப்பாளே.

லூர்து இளவரசுக்கு போன் போட்டார். பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. “வண்டிக்கு வேற டிரைவர், நம்ம ஜெனித்த போட்டுக்கறாராம். ஒடம்ப பாத்துக்கச் சொல்றாரு,” என்றார்.

கேட்டில் சிவசக்தி ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். மேரி எட்டத்திலேயே நின்று கேட்டாள். “பாப்பா கண்ணு எப்படி இருக்காம்?”

“பரவால்லியாம். திரும்ப வரச் சொல்லியிருக்காங்க.” துண்டை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். “இவளுக்கு காய்ச்சல் கீய்ச்சல் வந்தா நான் யாரப் போய் கேக்கறது?”

“என் நம்பர எழுதிக்கம்மா. எதுவா இருந்தாலும் கூப்புடு. திட்டறதுன்னாலும் கூப்புடு.”

சிவசக்தி நம்பரை ஏற்றிக்கொண்டாள். துண்டை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

நெல்லிக்குப்பம் வழியாகப் போகும் பண்ருட்டி பஸ்ஸில் இடம் கிடைத்தது. லூர்து தூங்கிப்போனார். மேரி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சத்தம் வைத்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தாள்.