கோடு வளைந்த இடம்

சுலோச்சனா டீச்சர் எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். டவர் தேடுகிறாராக்கும் என்று நினைத்து, சர்ச் மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும் என்று சொன்னேன். இதுக்கு டவரே வேண்டாம் ஐவி, என்றார். திரையில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பாதையில் இறங்கினார். பாக்டரிக்குப் போக வேண்டிய நான் வேடிக்கை பார்க்கும் ஆசையில் கொஞ்ச தூரம் கூடவே போனேன். அவர் நடக்க நடக்க போனுக்குள் ஒரு நீலக்கோடு வளர்ந்துகொண்டே வந்தது. படியில் இறங்கினால் இறங்கியது, ஓடையோரம் திரும்பினால் திரும்பியது. நடந்து போகிற வழியைப் பதிந்து வைக்கிற ஆப்பாம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு இறக்கம் என்று எல்லாமே சொல்லிவிடுமாம்.

எனக்கு வாய் மூடவில்லை. அன்றைக்கே என் போனிலும் ஏற்றித்தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாக்டரிக்குப் போகிற வழி, ரேஷன் கடைக்குப் போகிற வழி, சர்ச்சுக்குப் போகிற வழி என்று ஒன்றுவிடாமல் பதிந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கால் தேய நடக்கிற பாதைகள்தான். அவற்றுக்கு இப்படி ஒரு உருவம் இருக்கும் என்று நான் கண்டேனா? அப்படி என்ன நடந்துவிட்டாய், கால் ஏன் கடுக்கிறது என்று கேட்கிற என் வீட்டுக்காரர் ரொனால்டிடம் போனை நீட்டி, இந்தா பார், என்று காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தைலக் குப்பியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார். அது போதும் எனக்கு.

ஆனால் டீச்சர் பொழுதுபோகாமல் அதைச் செய்யவில்லை. எங்கள் லைனிலிருந்து கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் தேயிலைக் காட்டுக்குள்தான் நடந்து போகவேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற பிள்ளைகளுக்கு வேன் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு டீச்சர் மனு எழுதினார். கல்வி ஆபீசில் மேப்பைப் பார்த்துவிட்டு, உங்கள் லைன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். மேப்பில் பக்கம்தான். மேப்பில் ஓடையும் இல்லை, செங்குத்தும் இல்லை, காட்டுமாடும் இல்லை.

காட்டுமாட்டை எங்கள் ஊரில் யாரும் விரட்டமாட்டோம். கல்லெறிவது, தகரம் தட்டுவது எல்லாம் புதிதாக வந்த ரிசார்ட்காரர்கள் செய்கிற வேலை. வழியில் நின்றால், பாதையை அதற்கு விட்டுவிட்டு மேல்பக்கமாகத் தேயிலைக்குள் ஏறிச் சத்தமில்லாமல் சுற்றிப் போவோம். பாதையில் போகும்போது அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அவர், இவர் என்றுதான் பேச்சு. என் மகள் கெஸியா இரண்டாம் வகுப்பு. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே இதைப் படித்துக்கொண்டாள். ரொனால்டுக்கு அதுதான் பயம். இந்த வருசமும் வேன் வரவில்லை என்றால் பிள்ளையைக் கோயமுத்தூர் ஹாஸ்டலில் விட்டுவிடலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அங்கே இடமும் பேசி வைத்திருந்தார். ராத்திரியில் என் வயிற்றில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளை அவள். அவளை எப்படி அனுப்புவேன்?

டீச்சர் தினமும் பதிந்தார். ஒவ்வொரு நாளும் கோடு ஒவ்வொரு இடத்தில் வளைந்தது. இன்றைக்கு ஓடைக்குப் பக்கத்தில் என்றால் நாளைக்குச் சவுக்கு மரத்தடியில். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் என் கெஸியாவின் தலைமுடி மாதிரி சிக்கலாக இருந்தது. தூரம் எல்லா நாளும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது. அதை எடுத்துக்கொண்டு போய் செந்தில்நாதன் என்ற அதிகாரியிடம் காட்டினார். நல்ல மனிதர்தான், உட்காரவைத்துப் பொறுமையாகப் பார்த்தாராம். இந்த வளைவெல்லாம் என்ன என்று கேட்டாராம். மாடு என்றதும் யோசித்துவிட்டு, விதியில் குறைந்த தூரப் பாதை என்றுதான் இருக்கிறது, மாட்டை எப்படி எழுதுவது, நானே ஒருநாள் வந்து நடந்து பார்க்கிறேன் என்றாராம்.

சொன்னபடி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். நான் லீவு போட்டிருந்தேன். காலையில் பிள்ளைகளைக் கீழே கொண்டுபோய் விட்டதும் நான்தான். அப்போது ஓடைக்கு மேலே, பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் ஒரே குஷி எனக்கு. எங்கேயும் போய்விடாதே சாமி, அவர் வரும்வரைக்கும் படுத்திரு, என்று வேண்டிக்கொண்டே சுற்றி ஏறினேன்.

அதிகாரியின் ஜீப் லைனுக்கு வந்து, அவரும் டீச்சரும் நானும் இறங்கியபோது பாதை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அது படுத்திருந்த இடத்தில் புல் மட்டும் அமுங்கிக் கிடந்தது. டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காலையில இருந்துச்சுங்க டீச்சர், கர்த்தர் மேல ஆணையா இருந்துச்சு, சுத்தியே போயிரலாமுங்க, அவருக்கு என்ன தெரியப்போவுது, என்று காதில் கிசுகிசுத்தேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு இல்லைன்னா இல்லதான் ஐவி. இல்லாததுக்கு வளைஞ்சு நடந்தா, அப்புறம் இருந்த நாள்ல வளைஞ்சதையும் யாரும் நம்பமாட்டாங்க."

சொல்லிவிட்டு நேராக நடந்தார். எனக்கு வந்ததே கோபம். உனக்கென்ன தாயே, உன் பிள்ளையா ஹாஸ்டலுக்குப் போகப்போகிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அதிகாரி ஷூ வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவிடுகிற வேலையில் அது அப்படியே போயிற்று.

பள்ளிக்கூட கேட்டில் நின்று டீச்சர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தத் தூரத்தைத் தானே வாய்விட்டுப் படித்துக்காட்டிவிட்டுப் போனை அதிகாரியிடம் கொடுத்தார். அதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக எங்களுக்காக நடந்து நடந்து சேர்த்ததை ஒரே நடையில் தானே இழந்துவிட்டு நிற்கிறாளே என்று இருந்தது. என்னால் முடிந்திருக்குமா? சத்தியமாக முடிந்திருக்காது.

அதிகாரி அந்தத் தூரத்தைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. சத்துணவுக்கூடத்தில் சாப்பிட்டார், வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், தன் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுத்தரச் சொல்லி டீச்சரிடம் கற்றுக்கொண்டார். அதில் மட்டும் சின்னப் பையன் மாதிரி ஆர்வம். மழை விட்டபோது பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டது. ஜீப் மேலே லைனில் நின்றதால் பிள்ளைகளோடு சேர்ந்தே ஏறினார். தன் போனில் பச்சைப் பொத்தானைத் தானே அழுத்தினார்.

பாதி வழியில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போகிற பிள்ளையின் பை மட்டும்தான் தெரிந்தது. கெஸியாதான் முதலில் போனாள், அவளுக்குப் பின்னால் அதிகாரி, அவரை ஒட்டி டீச்சரும் நானும், எங்களுக்குப் பின்னால் மற்ற பிள்ளைகள். ஓடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கெஸியா பாதையை விட்டு விலகி மேல்பக்கம் தேயிலைக்குள் ஏறினாள். மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே ஏறினார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அதிகாரி நின்றார். "பாப்பா, வழி இங்கதானே போகுது?"

கெஸியா உதட்டில் விரலை வைத்தாள். திரும்பி வந்து அவர் சட்டையைப் பிடித்துக் குனியவைத்து மெதுவாகச் சொன்னாள்.

"காலையில அவரு அங்கதான் படுத்திருந்தாருங்க சார்."

"இப்ப இருக்காரா?"

"தெரியலீங்க சார். நீங்க போய்ப் பாத்துட்டு வாரீங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பனிமூட்டத்துக்குள் ஓடை சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு நடுவே பெருமூச்சு மாதிரி இன்னொன்றும் கேட்டதோ, அது என் காது செய்த வேலையோ, தெரியவில்லை.

அதிகாரி பாதையைப் பார்த்தபடி நின்றார். ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, செடியைப் பிடித்துப் பிடித்து, ஈரம் சட்டையெல்லாம் நனைக்க, கெஸியாவின் பைக்குப் பின்னால் மேலே ஏறினார். அவர் கையில் போன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் நீலக்கோடு பாதையை விட்டு மெல்லத் திரும்பியது.