காசிராஜன் இடித்த குடை

“குடைதான மாப்ள! தெரியாம முட்டி பட்டிருச்சு, அதுக்கு இந்தக் கூப்பாடா?”

“இது குடை இல்ல மாமா, வாளுறை. சாமுராய் இடுப்புல இருக்க உறைய எவனாவது இடிச்சா அது பெரிய அவமானம். மாப்பு கேளுங்க.”

“ஒங்கிட்ட நான் கேக்கணுமா?”

தாராவியில் எங்கள் சந்தில் ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்துக்குள் வருங்கால மாமனாரை மறித்துக்கொண்டு நின்றான் வெயிலுமுத்து. மகள் தங்கமயிலின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பது பற்றிப் பேச வந்திருந்தார் காசிராஜன். நான் ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்துக் கதவு என்னுடையது, அது பாட்டுக்குத் திறந்து கிடந்தது.

இந்தக் கிறுக்கு மூன்று மாதமாக, அதாவது அறுபத்து நாலாம் வருஷ மழைக்காலம் தொடங்கியதிலிருந்து. தோல் வாங்க ஜப்பானிலிருந்து வந்த ஏஜெண்டை இவன்தான் பட்டறை பட்டறையாகக் கூட்டிப்போனான். ஏஜெண்டின் பூட்டன் சாமுராயாம். அவர் அரைகுறை இந்தியில் சொன்னதை இவன் அரைகுறையாகப் புரிந்துகொண்டான். அன்றிலிருந்து இடது இடுப்பில் குடை. கொட்டுகிற மழையிலும் விரிக்க மாட்டான். தகுந்த காரணமில்லாமல் உருவக் கூடாதாம். பம்பாய் மழை ஒரு காரணமில்லையா என்று கேட்டேன், முறைத்தான். சாமுராய் மாதிரி முன்மண்டையை மழித்துக்கொண்டு வந்த அன்று அவன் அம்மா இசக்கியம்மாள், “சாமியாராப் போறவன் எதுக்குல பொண்ணு பாக்கச் சொன்ன?” என்று அழுதாள். சாமுராய் அவள் காதில் அப்படித்தான் விழுந்திருந்தது.

இப்போது அவளும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“ஏல, மாமாவ உள்ள விடுல!”

“முடியாதும்மா. மானப் பிரச்சின.”

“ஒஞ் சாமியாரு யாரு சொன்னாத்தாம்ல கேப்பான்?”

“எசமான் சொன்னா உசிரையே குடுப்பான்.”

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடி, அவன் வேலை பார்க்கும் தோல் பட்டறையின் முதலாளி ஷேக் பரீதை இழுத்து வந்தாள். கையில் சாயம் காயாமல் வந்த மனிதர், “வெயிலு, வழிய விடு. நீயே மாப்பு கேளு” என்றார்.

அவ்வளவுதான். மடக்கென்று முழந்தாளிட்டு, சாக்கடை ஈரத்தில் நெற்றி படக் குனிந்தான்.

“மன்னிச்சிருங்க மாமா.”

இசக்கியம்மாள் மூச்சு விட்டாள். காசிராஜன் விடவில்லை.

“மொதலாளி சொன்னாத்தான் எனக்கு மரியாதையோ? நாளைக்கு அவரு, ஒம் பொண்டாட்டிய வெரட்டி விடுன்னா?”

சும்மா ‘இல்லை’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சாமுராய் பொய் சொல்ல மாட்டானே!

“வெரட்டத்தான் மாமா செய்யணும்” என்றான்.

ஷேக் பரீத் சாயக் கையோடு தலையில் அடித்துக்கொண்டார். காசிராஜன் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தை மாதம் தங்கமயில் அம்பர்நாத்தில் ஃபிட்டராக இருக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். வெயிலுமுத்துவுக்கு இரண்டு வருடம் யாரும் பெண் தரவில்லை. அறுபத்தாறில் தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தி சம்மதித்தாள். கல்யாணம் முடிந்த கையோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு செம்பூருக்குக் குடிபோய்விட்டான். எசமான் குரல் எட்டாத தூரமாம்.