பின் வலது பட்டை

பெட்டியைத் தூக்கி வைத்ததும் லாரி சாய்ந்தது.

கொஞ்சம்தான். இடது பக்கம் நான்கு விரல் அகலம். மெக்கானிக் பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் லாரி காலில் முள் குத்தினவன்போல நின்றது.

"தரை சரியில்லையோ என்னமோ" என்றான் அவள் கணவன்.

"தரையெல்லாம் சரியாத்தான் இருக்கு. என் நேரந்தான் சரியில்ல."

பாதையே இல்லாத மலைகளுக்குப் போகிற லாரி அது. முதுகில் சுமக்கும் பெட்டிக்குள் ஒரு வீடே இருந்தது: படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கணவன் அதன் டிரைவர். இதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் கிரீஸ் வேலையும் பிரேக் வேலையும்தான். முடித்துக் கொடுத்து, கையசைத்து அனுப்புவாள். மாதங்கள் கழித்துச் சேறும் கீறலுமாகத் திரும்பி வரும். எங்கே எப்படி அடிபட்டது என்று அவன் கதை கதையாகச் சொல்வான். பாதி புளுகு. அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவை வாய்விட்டே கேட்டாள்: கூட மெக்கானிக்காக நானும் வருகிறேன்.

லாரியில் மலைக்குப் போகும் ஆய்வுக் குழுவின் தலைவி பாறைகளைப் படித்தவர். எல்லோருக்கும் அவர் கல் டாக்டர். உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை.

"முன்னச்சு, பின்னச்சு, பட்டை எல்லாத்தையும் நீங்களே பிரிச்சுச் சேருங்க. குவாரியில ஏத்திப் பாப்போம். ஏறிச்சுன்னா உங்களுக்கு சீட்டு."

பிரித்தாள். பெட்டியைக் கிரேனால் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பேரிங்குகளை டீசலில் கழுவி, காதருகே வைத்துச் சுழற்றி, கரகரத்தவற்றைத் தூக்கிப் போட்டாள். முன்சக்கரங்கள் திரும்பும் மூட்டுகளில் காகிதக் கனத் தகடுகளை வைத்தும் எடுத்தும், ஆட்டம் ஒழியும்வரை விடவில்லை. கடைசியாக, அச்சின்மேல் பாரத்தைத் தாங்கும், வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கு அடுக்காகக் கழற்றித் தரையில் பரப்பினாள். பின் இடதில் பத்துப் பட்டை. பின் வலதில் ஒன்பது.

"எவனோ சோம்பேறி ஒண்ணை முழுங்கிட்டான்" என்றாள். பெட்டியை இறக்கியதும் லாரி வலப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்ததும் அதற்குப் பொருந்தியது. பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டு, அதே கனத்தில் ஒரு பட்டை பிடித்து, அளவுக்கு அறுத்துச் சேர்த்தாள். லாரி நிமிர்ந்தது. வந்தவன் போனவனுக்கெல்லாம் அதைக் காட்டினாள்.

இன்று பெட்டி ஏறியது. லாரி இப்போது இடப்பக்கம் சாய்ந்தது. மதியம் கல் டாக்டர் வருகிறார்.

"அண்ணி, இடது டயர்ல காத்தை ஏத்தி விட்ருவோம்" என்றான் கொழுந்தன். அவன் பட்டறையின் வெல்டர். "டாக்டருக்குத் தெரியவா போகுது?"

"குவாரிக்குத் தெரியும்டா."

முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முறுக்கிவிட்டோமோ? அடியில் படுத்து எல்லாவற்றையும் தளர்த்தினாள். பாரம் இறங்கட்டும் என்று விட்டு மறுபடி முறுக்கினாள். லாரி மசியவில்லை.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டு யோசி" என்று கணவன் பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டான்.

கைகளைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அவன் குழாயைத் திறந்தான். அடுப்பைப் பற்றவைத்தான். அவள் எதிர்ப்படுக்கையில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்தாள். அவன் நின்ற இடது பக்கம் முழுக்கக் கனம். தொட்டி, அடுப்பு, சிலிண்டர், பேட்டரிகள். இவள் உட்கார்ந்த பக்கம் ஒரு மெத்தையும் இரண்டு தலையணையும்.

எழுந்து நின்றாள்.

"டீ?"

"நீங்களே குடிங்க. பட்டையை எடுத்தவன் சோம்பேறி இல்லீங்க. விவரமானவன். வீட்டோட நிறுத்துப் பாத்து ஒண்ணைக் குறைச்சிருக்கான். நான் வீட்டை இறக்கி வச்சிட்டு வண்டியை நிமித்தியிருக்கேன்."

"அதனால?"

"பட்டையைக் கழட்டணும்."

"நீ ஊரைக் கூட்டிக் காட்டின பட்டையையா?"

"அதேதான். ஜாக்கி எடுங்க."

கல் டாக்டர் வந்தபோது லாரியின் பின்பக்கம் அந்தரத்தில் இருந்தது. அடியில் மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன.

"இன்னிக்கு ரெடின்னு சொன்னீங்க" என்றார், நடுவிலிருந்த கால்களிடம்.

"தப்புப் பண்ணிட்டேன் டாக்டர்" என்றது கீழிருந்து குரல். "தேவையில்லாம ஒரு பட்டை சேத்துட்டேன். எடுத்திட்டிருக்கேன்."

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். கணவன் இருமினான்.

டாக்டர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார். "எடுங்க. பொழுது இருக்கு."

பட்டை தரையில் விழுந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. அடுக்கைச் சேர்த்து, அச்சோடு இறுக்கிக் கட்டி, ஜாக்கியை மெல்ல இறக்கினாள். லாரி பாரத்தை வாங்கிக்கொண்டது. பெருமூச்சுவிட்டு அமர்ந்தது. அவள் வாசலுக்குப் போய்க் குந்திப் பார்த்தாள். நேர்.

குவாரியில் கணவன் ஓட்டினான். டாக்டரும் கொழுந்தனும் கீழே நின்றார்கள். அவள் நிற்கவில்லை, லாரியோடு பக்கவாட்டில் நடந்தாள், கண்ணைப் பட்டைகளிலிருந்து எடுக்காமல். முன் இடது சக்கரம் பாறைமேல் ஏறியது. பின் வலது பள்ளத்துக்குள் இறங்கியது. அச்சுகள் எதிரெதிராகத் திருகிக்கொண்டன. வலது அடுக்கு விரிந்தது, நீண்டது, சக்கரத்தைப் பள்ளத்தின் அடிமண்வரை கொண்டுபோய் வைத்தது. நான்கும் தரையைப் பிடித்தன. ஒன்றுகூட வெறுமனே சுழலவில்லை. பிறகு சரிவு. தொட்டித் தண்ணீர் உள்ளே தளும்பியது. பெட்டி ஒருமுறை அசைந்து நின்றது. எதுவும் கிறீச்சிடவில்லை, எதுவும் முனகவில்லை. லாரி குவாரி உச்சிக்கு ஏறி, சொந்த வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றது.

மெக்கானிக் ஓடி ஏறினாள். பின்னாலேயே டாக்டர் மூச்சு வாங்க வந்தார். அடியில் குனிந்து, பின் வலது அடுக்கைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"முன்னாடி மூணு சீட்டு" என்றார் நிமிர்ந்து. "ஜன்னலோர சீட்டு எனக்கு. அதுல மட்டும் யாரும் பங்கு கேக்கக்கூடாது."

அவள் டிரைவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

"நடு சீட்டுல கியர் ராடு முட்டியை இடிக்கும் டாக்டர்" என்றான் கணவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இவளுக்குக் கஷ்டம்."

"இடிக்கட்டும்" என்றாள் அவள். "உங்க முட்டிதானே. இறங்குங்க."

"எதுக்கு?"

"கீழ இறக்கறது நான்."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் ஏற்கெனவே ஜன்னலோரம் ஏறிக்கொண்டிருந்தார். கீழே கொழுந்தன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். அவள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், முதல் கியரில் சரிவை நோக்கி இறங்கினாள்.