அப்பாவுக்கு வாயாக இருந்த கிளி

ஊருக்கு வந்த இளமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா படுத்திருக்கும் அறையின் ஜன்னலில் கூண்டு தொங்கவில்லை.

"கிளி எங்கம்மா?"

அம்மா முத்துமாரி முறத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "போன வெள்ளிக்கிழம கோயில்ல விட்டாச்சு."

"விட்டாச்சுன்னா?"

"தொறந்து விட்டாச்சு. திருவரங்குளத்துல."

இளமதிக்குத் தோளில் கிடந்த பையை இறக்கத் தோன்றவில்லை. அந்தக் கிளி வீட்டில் சும்மா இருந்ததில்லை. அதுதான் அப்பாவின் வாய்.

அப்பா சோலையப்பன் கறம்பக்குடிப் பக்கம் பூச்சந்தையில் ஏலம் விட்டவர். மைக் தேவைப்படாத தொண்டை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல வாயெடுத்தால் 'ஊ' என்ற ஒரே சத்தம்தான் வரும். எழுதிக் காட்டவும் முடியாது. அவருக்குத் தெரிந்த எழுத்து கையெழுத்து போடும் அளவுக்குத்தான், அந்தக் கையும் விழுந்துவிட்டது. சந்தையையே தன் பக்கம் திருப்பிய மனுஷனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வழியில்லை.

அவர் 'ஊ' என்றதும் அம்மா ஓடி வருவாள். "தண்ணியா? பசியா? வலிக்குதா? வெளிக்கிப் போவணுமா?" சரியானது வரும்போது அவர் தலையாட்டுவார். சில நாள் அதற்குள் படுக்கை நனைந்துவிடும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

கஜா புயலில் தலை முறிந்த தென்னையைப் பிற்பாடு வெட்டியபோது, பொந்திலிருந்து விழுந்த குஞ்சு அந்தக் கிளி. ஜன்னலில் இருந்தபடி இதையெல்லாம் மாசக்கணக்கில் பார்த்தது. ஒரு நாள் அப்பா 'ஊ' என்று முடிப்பதற்குள் "தண்ணியா" என்றது. தண்ணீர்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பிறகொரு நாள் "வலிக்குதா" என்றது. வலிதான். மனுஷக் காதுக்கு எல்லா 'ஊ'வும் ஒன்று. கிளிக்கு ஒவ்வொன்றும் வேறு. தப்பினால் விடாது, அவர் தலையாட்டும் வரை அடுத்த சொல், அதற்கடுத்த சொல் என்று போகும். கொல்லையில் மாடு கட்டும் அம்மாவுக்குக் கேட்கும்படி கத்தும். அம்மாவிடம் கற்ற சொல் என்பதால் அம்மாவின் குரலிலேயே கத்தும். சொன்னதைச் சொல்லும் பிராணி என்று இதைச் சொல்கிறவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

"யாரு சொல்லி விட்ட?" என்றாள் இளமதி.

"நாந்தேன் சொன்னேன்." உள்ளேயிருந்து அப்பாவின் அக்கா பிரகதாம்பாள் வந்தாள். "எந்தம்பி பேச்ச அந்தக் கிளி எடுத்துக்கிச்சு. அது பேசுற வரைக்கும் இவனுக்கு வராது. கோயில்ல விட்டா பேச்சு திரும்பிரும்."

"திரும்பிருச்சா அத்தை?"

"விட்ட ஒடனே திரும்புமா? படிச்சவ பேசுற பேச்சா இது."

"படிக்காதவங்க செஞ்ச வேலையப் பாத்துட்டுத்தான் பேசுறேன். கூண்டுலயே வளந்ததுக்கு எர தேடத் தெரியுமா? காக்காய்க்குப் பயப்படத் தெரியுமா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏண்டி அவங்கள வையிற? நீதான சொன்ன? ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குற அந்தப் பொண்ணு சொன்னத நீதான எனக்கு வெளக்குன. முந்திக்கிட்டுச் சொல்லாதீங்க, அவராச் சொல்ல விடுங்கன்னு. நான் வாய மூடிக்கிட்டேன். கிளி மூடுச்சா?"

அம்மா எழுந்து மடியிலிருந்த உமியைத் தட்டினாள்.

"ஒனக்கென்ன, லீவுக்கு வார, போற. எங்கொரல்லயே அது என்னைய ஏவுது. எனக்கு அவரு கூப்புடணும்டி. 'ஏ மாரி'ன்னு ஒருக்கா கூப்புட்டாப் போதும். கிளி கூப்புட்டு எனக்கென்ன ஆகப்போவுது?"

இளமதி பையைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டு, வெறும் கூண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கோயில் மதிலின் மேல் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு பறந்தது. எல்லாம் காட்டுக்கிளிகள். அவள் "தண்ணியா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் திரும்பவில்லை. கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் கூண்டைப் பார்த்துவிட்டு நாரைக் கீழே வைத்தாள்.

"பேசுற கிளியவா தேடுறீங்க?"

"பாத்தீங்களாக்கா?"

"இந்தா, இங்கிட்டு இந்தத் தூணுலதான் ஒக்காந்திருந்துச்சு. மத்த கிளிக இதச் சேத்துக்கல. சாமி கும்புட வந்த ஆளுககிட்டல்லாம் எறங்கி எறங்கி வந்து 'தண்ணியா, தண்ணியா'ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாக. செல்லுல வீடியோ எடுத்தாக. நானும்தான் சிரிச்சேன்." அவள் கீழே வைத்த நாரை எடுத்து விரலில் சுற்றினாள். "நம்மளக் கேக்குதுன்னு நெனச்சோம்மா. அதுக்குத் தாகம்னு யாருக்குத் தோணுது? அப்பறம் பறக்க முடியாமக் கெடந்துச்சு. காக்கா கொத்திருச்சு. நாந்தான் அந்த வேப்பமரத்தடியில பொதச்சேன்."

மரத்தடியில் மண் கிளறிய இடம் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. இளமதி அங்கே உட்காரவில்லை, அழவில்லை. கூண்டைக் குப்பைத்தொட்டியில் திணித்தாள். உள்ளே போகாமல் கம்பி முட்டியது. மிதித்துத் திணித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார். அவளைப் பார்த்ததும் 'ஊ' என்றார். இது நீளமாக இருந்தது. முடிவில் மேலே ஏறியது. இளமதி இதுவரை கேட்காத சத்தம்.

அம்மா ஓடிவந்தாள். "தண்ணியா?"

அவர் இல்லையென்று தலையை அசைத்தார்.

"பசியா? வலிக்குதா?"

இல்லை, இல்லை. அவர் கண் இளமதியை விட்டு நகரவில்லை. மறுபடி அதே சத்தம். ஒரு வாரமாக இதையே கேட்கிறார், என்னவென்றே தெரியவில்லை என்றாள் அம்மா. இளமதிக்குத் தெரிந்தது. பொய் சொல்லலாம், கிளி கூட்டத்தோடு பறந்துபோச்சு என்றால் நம்புவார். ஆனால் இந்த வீட்டில் அவருக்குக் காது மட்டும்தான் மிச்சம். அதிலும் பொய்யைப் போடுவதா?

"செத்துப்போச்சுப்பா," என்றாள்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் கண் இளமதியை விட்டு விலகியது. பிறகு திறந்திருந்த வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலமாயிற்று. அவர் எதற்கும் சத்தம் எழுப்பவில்லை. அம்மா கட்டிலோரம் டம்ளரோடு உட்கார்ந்து, தண்ணியா, பசியா, வலிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.